சாமித் தட்டில் ஒரு தோட்டா

எங்கள் லயத்து வரிசை வீடுகளின் கதவுகள் எல்லாவற்றுக்கும் தேயிலைத் தோட்டத்தில் பச்சைச் சாயம் அடித்துக் கொடுத்திருந்தார்கள். பக்கத்துக் காம்பராவில், அதாவது அடுத்த அறையில், இருந்த அக்காவின் கதவில் மட்டும் சாயம் கிடையாது. ஈரத் துணியாலும் தேங்காய் நாராலும் தேய்த்தே அவர் அதைக் கழற்றிவிட்டார். பெரிய கங்காணி வந்து பார்த்துவிட்டு, "தோட்டத்துச் சொத்த ஏம்மா பாழாக்குற?" என்று கேட்டார். "நான் அழுக்கத்தாங்க தேய்ச்சேன். சாயம் நிக்கலேன்னா அடிச்சவங்களத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு அக்கா மறுபடியும் தேய்க்க உட்கார்ந்தார். கங்காணி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

அக்காவின் பெயரை எழுத எனக்கு மனமில்லை. வட்டகொடைப் பக்கம் கட்டிக்கொடுத்த மகள் ஒருத்தி அவருக்கு இருந்தாள். அந்த மகளோ பேரப்பிள்ளைகளோ எங்காவது இதைப் படித்தால், பெயர் இல்லாமலே யாரென்று தெரிந்துகொள்வார்கள். தெரியாதவர்களுக்குப் பெயர் எதற்கு?

நான் அப்போது அந்தத் தோட்டத்து லொறி டிரைவர். தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டுபோய் ஹட்டன் ஸ்டேஷனில் இறக்குவதும், திரும்பும்போது அரிசி, உரம், பங்களாவுக்கு ரொட்டி என்று ஏற்றி வருவதும் என் பிழைப்பு. அக்காவுக்கு நான் 'டிரைவர் தம்பி'. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு நான் கொஞ்சம் கண்ணயர்ந்த நேரத்தில், லொறியின் ரேடியேட்டர் மூடியைக் கழற்றிக்கொண்டுபோய், புளியும் செங்கல் பொடியும் போட்டுத் துலக்கி வெயிலில் காயவைத்திருந்தார். மூடியைக் காணோம் என்று நான் லயம் முழுக்கக் கத்திக்கொண்டு திரிந்தேன். "கத்தாதீங்க தம்பி. தான் பித்தளைன்னு அதுக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சிருக்கு" என்றார். என்ன கோபம் வந்தாலும் அவரிடம் அதை வைத்துக்கொள்ள முடியாது. வைத்துக்கொண்டால் அதையும் துலக்கிக் கையில் கொடுத்துவிடுவார்.

இரவல் வாங்கின பானையைத் திருப்பிக் கொடுக்கும்போது வாங்கினபோது இருந்ததைவிடப் பளபளப்பாகக் கொடுப்பார். இதனால் சண்டையே வந்திருக்கிறது. "ஏங்கா, என் பானை அழுக்குன்னு ஊருக்கெல்லாம் காட்டுறீங்களா?" என்று மூன்றாம் காம்பராக்காரி ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். மகளுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் கண்டபோது, தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகுமுன் அந்தக் குளிரிலும் வெந்நீரில் குளிப்பாட்டி, தலை வாரிப் பொட்டு வைத்துத்தான் தூக்கிப்போனாராம். மருந்துக்காரர் திட்டியிருக்கிறார். "பெரிய மனுசங்க முன்னால அழுக்கோட போய் நிக்கலாமா?" என்பதுதான் அக்காவின் பதில். எதற்கும் அவர் சொல்லும் பதில் அது. எங்களைத் துரைமார் எப்படிப் பார்க்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அக்காவுக்கு அது உள்ளே எங்கேயோ தைத்திருந்தது. துலக்குவது அவருக்கு வேலை அல்ல, மானம்.

இந்த மானத்துக்கு நேர் எதிரியாக வாய்த்தார் அவர் புருஷன். தோட்டத்துக் காவல்காரர். காட்டுப்பன்றி விரட்ட எஸ்டேட்டில் கொடுத்த ஒற்றைக்குழல் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, காட்டோரமாகச் சுற்றிவிட்டு வருவார். காலில் சேறு, கெண்டைக்காலில் அட்டை, வாயில் வெற்றிலை. வாசலில் நின்று அக்கா சொம்பை நீட்டுவார். "கழுவிட்டு உள்ள வாங்க." அவர் கழுவாமல் உள்ளே போவார். அதற்கப்புறம் ஆரம்பிக்கும். அவரை நான் அண்ணன் என்பேன். அண்ணனுக்குத் திட்டாமல் சோறு இறங்காது. உப்புக்குத் திட்டுவார், வெந்நீருக்குத் திட்டுவார், திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காத நாளில் மழைக்குத் திட்டுவார். "அடியே, ஒரு நாளைக்கு என்னையும் தேய்ச்சு இல்லாம ஆக்கிருவ" என்பார். அக்கா பதிலுக்குப் பானையை இன்னும் ஓங்கித் தேய்ப்பார். இந்தப் பக்கத்துக் காம்பராவில் படுத்துக்கொண்டு நான் சிரிப்பேன். அவர்களுக்குள் பிரியம் இருந்தது என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

வெடி விழுந்த சாயங்காலம் நான் ஹட்டனில் இருந்தேன். திரும்பி வந்தபோது லயத்தில் அடுப்பு எரியவில்லை. மேல் லயத்துப் பையன் ஒருவன், கலியாணமாகி வருஷம்கூட ஆகாதவன், விறகு பொறுக்கக் காட்டோரம் போனவன் நெஞ்சில் வெடிபட்டுச் செத்துக் கிடந்தான். அதற்குள் போலீஸ் ஜீப் வந்து அண்ணனை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அவர் அன்று ஒரு வெடி வெடித்திருந்தார். கீழ்ப் பள்ளத்தில் பன்றியைப் பார்த்து வெடித்ததாகச் சொன்னார். முந்தின மாதம் அந்தப் பையன் தோட்டத்து மரத்தை வெட்டினான் என்று இவருக்கும் அவனுக்கும் வாய்ச்சண்டை நடந்திருந்தது. இவர்தான் யாரைப் பார்த்தாலும் திட்டுகிற மனிதராயிற்றே. போலீசுக்கு அது போதும்.

ஆனால் லயத்தில் எல்லோர் காதிலும் விழுந்தது ஒரு வெடி இல்லை. பள்ளத்துப் பக்கம் ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து, விறகுப் பாதைப் பக்கம், மூச்சு விடும் இடைவெளிகூட இல்லாமல் மூன்று. ஒற்றைக்குழல் துப்பாக்கியில் ஒரு வெடி போட்டால், மடக்கித் திறந்து, வெற்றுத் தோட்டாவை விரலால் இழுத்து எடுத்துவிட்டு, புதிதாக ஒன்றைத் திணித்துத்தான் அடுத்த வெடி. தொடர்ந்து வெடிக்கிற துப்பாக்கி அந்தப் பக்கத்திலேயே ஒருவரிடம்தான் இருந்தது. சீமையிலிருந்து புதிதாக வந்திருந்த உதவி நிர்வாகி, எங்கள் சின்னத்துரை. விசையை அழுத்த அழுத்த அது தானே வெடித்து, தானே வெற்றுத் தோட்டாவை வெளியே எறிந்து, தானே அடுத்ததை ஏற்றிக்கொள்ளும். பங்களாவில் அதைத் துடைக்கவே ஒரு ஆள். சின்னத்துரையோ, அன்று விறகுப் பாதைப் பக்கமே வரவில்லை, மேலே புல்மேட்டில் காட்டுக்கோழி தேடிக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிட்டார்.

வெடிச் சத்தம் கேட்டவர்கள் வாய் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்வது எளிது. நாற்பத்தெட்டில் குடியுரிமையைப் பறித்த பிறகு எங்களுக்கு நாடும் இல்லை, ஓட்டும் இல்லை. பேரேட்டில் பெயரை வெட்டி, வேலை இல்லை என்று பத்துச்சீட்டைக் கையில் கொடுத்தால் பெண்டு பிள்ளைகளோடு படுக்க ஒரு காம்பராவும் இல்லை. அக்கா வீடு வீடாகப் போய் நின்றார். "மூணு வெடி கேட்டுச்சுன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்" என்று கெஞ்சினார். எல்லோரும் அழுதார்கள். யாரும் வரவில்லை.

கவ்வாத்து வந்ததுதான் வழி காட்டியது. விறகுப் பாதையோரத்து மலையில் தேயிலைச் செடிகளை மொட்டையாக வெட்டிப் போட்டார்கள். வெட்டிய கிளைகளை நாங்கள் மிலாறு என்போம். காய்ந்தால் அடுப்புக்கு அதைவிட நல்ல விறகு கிடையாது. மிலாறு பொறுக்கப் போன அக்கா ஒரு செடியின் தூரில், சருகுக்குள், ஒரு வெற்றுத் தோட்டாவைக் கண்டெடுத்தார். மழையில் காகிதக் குழல் ஊறிப் பிய்ந்து, சிவப்பாக ஒரு துணுக்கு மட்டும் ஒட்டியிருந்தது. அடியிலிருந்த பித்தளை வட்டம் களிம்பேறிப் பச்சையாக இருந்தது.

மிலாறை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

"தம்பி, இது என்னன்னு பாருங்க. எங்க வீட்டு ஆளு வெடிச்சது துப்பாக்கிக்குள்ளேயே இருந்துச்சுன்னு போலீசே எடுத்துச்சு. அப்ப இது யாரோடது?"

மறுநாள் லொறியில் முன் சீட்டில் உட்காரவைத்து ஹட்டனுக்குக் கூட்டிப்போனேன். இரும்புச் சாமானும் தோட்டாவும் விற்கிற முஸ்லிம் கடைக்காரர் ஒருவர், நானா என்று கூப்பிடுவோம், எனக்குப் பழக்கம். நல்ல மனிதர், கொஞ்சம் வாய் நீளம். அவர் பூதக்கண்ணாடியை எடுத்து, தோட்டாவை விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தார். களிம்பை ஊதினார். கடைப் பையனைத் தேத்தண்ணீர் வாங்க அனுப்பிவிட்டுத்தான் பேசினார்.

"இது காவக்காரன் துப்பாக்கில வெடிச்சது இல்ல. அதுல நடுவில ஊசி குத்தின பள்ளம் மட்டுந்தான் விழும். இங்க பாருங்க, இந்த விளிம்புல ஒரு கீறல். தானா வெடிக்கிற துப்பாக்கில ஒரு கொக்கி இருக்கு, அது புடிச்சு இழுத்த இடம் இது. பின்பக்கத்துல சின்னதா ஒரு இடிச்ச தடம். வெளிய தள்ளிவிட்ட இடம். அந்த வேகத்துலதான் பக்கத்துல பாஞ்சு செடிக்கடியில விழுந்திருக்கு."

அக்கா கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். 

"இத வச்சு எந்தத் துப்பாக்கின்னு சொல்ல முடியுங்களா மொதலாளி?"

"கொழும்புல அதுக்குன்னு ஆளு இருக்காங்க. அந்தத் துப்பாக்கிலயே இன்னொரு தோட்டா வெடிச்சு, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா அப்பிடியே ஒத்துப்போகும். ஒவ்வொரு துப்பாக்கியும் தன்னோட பேர இதுல வெட்டி வச்சிரும் தங்கச்சி."

அக்கா அங்கேயே, கடை வாசலில் குந்தி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வெடி விழுந்த பிறகு அவர் சந்தோஷமாக அழுதது அதுதான். கடைசியும் அதுதான்.

அண்ணனுக்காகப் பிடித்திருந்த வக்கீலும் அதையேதான் சொன்னார். சின்னத்துரையின் துப்பாக்கி அந்தப் பக்கம் வந்தது என்று காட்டிவிட்டால் போதும், வழக்கு ஆட்டம் கண்டுவிடும், கண்டிப் பெரிய கோர்ட்டில் இதைக் காட்டுவோம் என்றார். தோட்டாவை ஆபீசில் வைத்துவிட்டுப் போகச் சொன்னபோது அக்கா கையை இறுக மூடிக்கொண்டார். "என் கையாலதான் கோர்ட்டு தொரைகிட்ட குடுப்பேன் சாமி. இங்க அலமாரியெல்லாம் ஒரே ஒட்டடை." வக்கீல் சிரித்துவிட்டார். போலீசிடம் கொடுப்பதில் யாருக்குமே இஷ்டமில்லை, இன்ஸ்பெக்டர் சின்னத்துரையோடு டென்னிஸ் ஆடுகிறவர். "சரி, பத்திரமா வச்சுக்கொள்" என்றார் வக்கீல்.

பத்திரமாகத்தான் வைத்துக்கொண்டார். சாமி படத்துக்கு முன்னால் ஒரு பித்தளைத் தட்டு, அதில் குத்துவிளக்கு, மணி, விபூதி மடல். அவற்றோடு தோட்டா. லயத்துப் பெண்கள் வந்து பார்த்தார்கள். கோர்ட்டுக்கு வர வாய் வராதவர்கள் பூக் கொண்டுவந்து வைத்தார்கள். பத்துச்சீட்டுக்குப் பயப்படாத சாட்சி எங்கள் தோட்டத்திலேயே அது ஒன்றுதான்.

வழக்கு முடியும்வரை விளக்கமறியலில் அடைத்திருந்த அண்ணனைப் பார்க்க அக்கா போகும்போதெல்லாம் அவர் கம்பிக்குப் பின்னால் நின்று திட்டினார். "எதுக்குடி வேலையக் கெடுத்துக்கிட்டு வர்ற? துணியப் பாரு, சாமியாரிணி மாதிரி." அக்கா வீடு வந்ததும் என்னிடம், "இன்னிக்கு நல்லாத் திட்டுனாங்க தம்பி, ஒடம்பு தேறியிருக்கு" என்பார்.

வெள்ளிக்கிழமை தோறும் சாமிப் பாத்திரங்களைப் பீலிக்கரைக்கு எடுத்துப் போவார். மலையிலிருந்து மூங்கில் வழியே தண்ணீர் விழும் அந்த இடத்தில்தான் லயத்துப் பெண்கள் எல்லோரும் பாத்திரம் துலக்குவார்கள். விளக்கு, மணி, தட்டு. தோட்டாவும். முதலில் புளி. அப்புறம் துணியில் சலித்த செங்கல் பொடி. கடைசியில் சாம்பல். விளிம்பெல்லாம் சுற்றிச் சுற்றிக் கட்டை விரலால் தேய்ப்பார். களிம்பு போய்ப் பித்தளை பொன்னாக வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை நான் அதைப் பார்த்துவிட்டு, "எதுக்குக்கா இதையும்?" என்று கேட்டேன்.

"பாத்திரத்துல பேரு வெட்டியிருக்கோம்ல தம்பி. அழுக்குப் படிஞ்சா அந்தப் பேரு தெரியுதா? தேய்க்கத் தேய்க்கத்தானே பளிச்சுனு தெரியும்? கோர்ட்டு தொரைக்கு வயசான கண்ணாயிருந்தா?"

எங்கள் வீடுகளில் எல்லாச் சொம்பிலும் தட்டிலும் பெயர் வெட்டியிருக்கும். துலக்கினால் பெயர் துலங்கும். இது எனக்கும் தெரிந்த விஷயம், பீலிக்கரையில் இருந்த அத்தனை பெண்களுக்கும் தெரிந்த விஷயம். அக்கா சொன்னதில் யாருக்கும் ஒரு தப்பும் தெரியவில்லை. எனக்கும் சரியாகத்தான் பட்டது.

வழக்கு கண்டிக்கு வர மாதங்கள் ஆயின. அத்தனை வெள்ளிக்கிழமையும் போயிற்று.

கோர்ட்டுக்கு அக்கா துவைத்து மடித்த புடவை கட்டிக்கொண்டு வந்தார். மஞ்சள் துணியில் முடிந்திருந்த தோட்டாவைத் தன் கையாலேயே கொடுத்தார். நீதிபதியின் மேசையில் அது மின்னியது. கண்டெடுத்த இடத்தைத் தடுமாறாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் அவரைப் பக்கத்து வராந்தாவில் உட்காரச் சொன்னார்கள். நான் உள்ளே சனங்களோடு நின்றேன். எனக்கு இங்கிலீஷ் அரைகுறைதான். அன்றைக்கு அந்த அரைகுறையே போதும் என்றாகிவிட்டது.

நானா பயப்படாமல் வந்து சாட்சிக் கூண்டில் ஏறினார். அதற்காகவே அவரை நான் இன்றும் கும்பிடுவேன். கொக்கிக் கீறலையும் தள்ளிய இடத்தையும் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். அரசாங்க வக்கீல் தோட்டாவையும் ஒரு பூதக்கண்ணாடியையும் அவர் கையில் கொடுத்தார். "எங்கே, காட்டுங்கள்."

நானா காட்டத்தான் போனார். விளிம்பைத் திருப்பினார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு மறுபடி திருப்பினார். கோர்ட் முழுக்க அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"முந்தி இருந்திச்சுங்க" என்றார். "இந்த ஓரத்திலதான் இருந்திச்சு." அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

கொழும்பிலிருந்து வந்த பரிசோதகர் நீளமாக இங்கிலீஷில் பேசினார். ஊசி குத்தின பள்ளம் இருக்கிறது, ஆனால் அதன் ஓரமே மழுங்கியிருக்கிறது. மற்ற அடையாளங்கள் ஏதாவது இருந்திருந்தால் அவை தேய்த்து அழிக்கப்பட்டிருக்கின்றன. இந்தத் தோட்டா எந்தத் துப்பாக்கியில் வெடித்தது என்று தன்னால் சொல்ல முடியாது. சின்னத்துரை தன் காற்சட்டை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் கழுத்தைப் பிடிக்கவேண்டும் போலிருந்தது.

நீதிபதி அக்காவை மறுபடி கூப்பிடச் சொன்னார். துவிபாஷி அவர் கேள்வியைத் தமிழில் சொன்னார்.

"இதைத் துலக்கினது யார் என்று கேட்கிறார்."

அக்கா தலை நிமிர்ந்து நீதிபதியைப் பார்த்தார்.

"நான்தாங்க சாமி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். உங்க முன்னால அழுக்கோட கொண்டாரலாங்களா?"

துவிபாஷி கொஞ்சம் தயங்கித்தான் அதை இங்கிலீஷில் சொன்னார். ஜூரிமாரில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குற்றவாளிக் கூண்டில் அண்ணன், எதற்கெடுத்தாலும் கத்துகிற மனிதர், ஒரு சத்தமும் போடவில்லை. கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

வராந்தாவில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் மலர்ச்சி. "தொரை கேட்டாரு தம்பி, யாரு இப்பிடித் தொலக்குனதுன்னு. நான்தான்னு சொல்லிட்டேன்." நான் குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். 

பத்து வருஷம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அக்கா தரையில் விழுந்தார். பெண்கள் இரண்டு பேர் தூக்கினார்கள். அண்ணனை வேனில் ஏற்றுமுன் நான் இடித்துக்கொண்டு பக்கத்தில் போனேன். அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, அவளுக்கு வெளங்கலே. சொல்லிராதீங்க."

"அண்ணே..."

"கொழும்புக்காரன் காசு வாங்கிட்டுப் பொய் சொல்லிட்டான்னு சொல்லுங்க. தேய்ச்சதாலன்னு தெரிஞ்சா அவ உசுர வச்சிருக்கமாட்டா. லயத்துலயும் சொல்லி வைங்க."

அப்படியே சொன்னேன். லயத்திலும் சொல்லி வைத்தேன். எதற்கும் வாய் திறக்காதவர்கள் இதற்கும் திறக்கவில்லை, அந்த ஒரு விஷயத்தில் எங்கள் பயந்த வாய் உதவியது. அக்கா கொழும்புக்காரனைச் சபித்தார். சின்னத்துரையைச் சபித்தார். அப்பீல் உண்டா, பெரிய ராணிக்கு எழுதினால் கேட்பார்களா என்று என்னை நச்சரித்தார். கோர்ட்டில் தோட்டாவைத் திருப்பித் தரவில்லை. "பரவால்ல, அங்கயாவது நல்ல எடமா பாத்து வச்சிருப்பாங்களா?" என்று கேட்டார். நான் வைத்திருப்பார்கள் என்றேன். ஒரு பொய் சொன்னால் அதைத் தாங்க இன்னொன்று தேவைப்பட்டது. எரிச்சலும் துக்கமுமாக நான் அந்த நாட்களில் லொறியைக் கண்மண் தெரியாமல் ஓட்டினேன்.

பீலிக்கரையில்தான் அது உடைந்தது. தண்ணீர் குறைந்த மாசி மாதம். வரிசை நீளமாக நின்றது. அக்கா ஒரு சட்டியை வைத்துக்கொண்டு தேய்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் நின்ற மூன்றாம் காம்பராக்காரிக்குப் பிள்ளை அழுகிறது, உலையில் தண்ணீர் இல்லை. அவள் கெட்டவள் இல்லை. சாட்சிக் கூண்டுக்கு வராவிட்டாலும் அண்ணனுக்காகக் கோயிலில் விளக்குப் போட்டவள்.

"இன்னும் எம்புட்டு நேரந்தான் தேய்ப்பீங்க? தேய்ச்சுத் தேய்ச்சுப் புருசன உள்ள தள்ளுனது பத்தாதா?"

சொன்ன மறுகணமே வாயைப் பொத்திக்கொண்டாளாம். 

நான் லொறியைக் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கு அக்கா வந்தார். கையில் அந்தச் சட்டி அப்படியே இருந்தது, பாதி சாம்பலோடு.

"அவ சொன்னது நெசமா தம்பி?"

"ஆத்திரத்துல சொல்லியிருப்பாக்கா. விடுங்க."

"என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வெட்டுன பேரு தேய்ச்சாப் போகாதே" என்றார். கெஞ்சுகிற குரல். "எங்கம்மா சொம்புல இன்னும் பேரு இருக்கே தம்பி. எத்தன வருசமாத் தேய்க்கிறேன்."

"அது வெட்டு இல்லக்கா. ஊசியால இழுத்த மாதிரி லேசான கீறல். செங்கல் பொடி பட்டா போயிரும்."

"நானா பேருன்னு சொன்னாரே."

"சும்மா வெளங்குறதுக்குச் சொன்னாரு."

அவர் அழவில்லை. சட்டியை என் காலடியில் வைத்துவிட்டு, சாம்பல் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அன்றே கோர்ட்டில் தெரியும் என்றும், சொல்ல வேண்டாம் என்று தடுத்ததே அவர்தான் என்றும் சொன்னேன். அதையும் ஏன் சொன்னேனோ. சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

"என்னக் கூட்டிட்டுப் போங்க தம்பி. நான் அவங்களப் பாக்கணும்."

அந்த ஞாயிறு ரயிலேறிக் கண்டிச் சிறைக்கு, எங்கள் பேச்சில் மறியலுக்கு, போனோம். வழியெல்லாம் அக்கா ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார். "இன்னிக்கு என்னக் கொன்னுருவாங்க. எப்பிடித் திட்டுவாங்க பாருங்க. ஊரே கேக்கும்." பயந்து சொல்லவில்லை. அதற்காகத்தான் போய்க்கொண்டிருந்தார்.

அண்ணன் வலைக்கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். பாதியாகக் கரைந்திருந்தார். தலையை மொட்டையடித்து, முகம் துடைத்து, சிறை உடுப்பைச் சுத்தமாக மடித்து விட்டிருந்தார். வெற்றிலைக் கறை பல்லில்கூட இல்லை.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க" என்றார் அக்கா. "நான்தான் தேய்ச்சுக் கெடுத்துட்டேன். என் கையாலயே."

அண்ணன் என்னை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார்.

"நீ தேய்க்காம இருந்தாலும் அவனுங்க வேற ஒண்ணு சொல்லியிருப்பானுங்க. விடு."

"விடச் சொல்லாதீங்க. திட்டுங்க."

"சாப்பிட்டியா? மக வந்தாளா?"

"திட்டுங்கங்க. ஒரு வார்த்த திட்டுங்க." அக்கா வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எம் புருசன உள்ள தள்ளுன பாவி நான். உப்புக்குத் திட்டுன வாய்தானே அது. இதுக்குத் திட்டக்கூடாதா?"

அண்ணன் வலைக்குள் விரலை விட்டு அவர் விரல் நுனியைத் தொட்டார். அவர்கள் ஒருவரையொருவர் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

"கையெல்லாம் ஏன் இப்பிடி வெடிச்சிருக்கு? நல்லெண்ணெ தடவிக்க" என்றார், மெதுவாக, யாரோ பெரிய இடத்துப் பெண்ணிடம் பேசுவது போல.

அக்கா அப்போது போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற காவலர்கள் ஓடி வந்தார்கள். நேரம் முடிந்தது என்று அண்ணனை உள்ளே கூட்டிப்போனார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் போனார்.

திரும்பும் ரயிலில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். நாவலப்பிட்டி தாண்டி மலை ஏறத் தொடங்கியபோது மழை பிடித்தது. நான் எதையாவது சொல்லித் தேற்ற வேண்டுமே என்று, "அண்ணன் உங்க மேல எவ்வளவு பாசம் வச்சிருக்காரு பாத்தீங்களாக்கா" என்றேன்.

"அவங்க வரமாட்டாங்க தம்பி" என்றார் அக்கா. "வீட்டுக்குத் திரும்பி வர்ற நெனப்பு இருந்திருந்தா என்னத் திட்டியிருப்பாங்க."

அடுத்த மழைக்காலத்தில் அண்ணன் அங்கேயே, மறியல் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். உடம்பை வாங்க நானும் அக்காவும்தான் போனோம்.